தெய்வானைக்கு ஏறிய நிறம்

ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள் காலையில் கண்ணாடிக் கடை நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானைக்குக் காது மடல்களின் ஓரத்திலும் பத்து விரல் நுனிகளிலும் பொன்மஞ்சள் ஏறியிருந்தது. மஞ்சள் அரைத்த கை என்று அவள் சோப்புப் போட்டுக் கழுவினாள், போகவில்லை, ஈரோட்டில் மஞ்சள் ஒட்டாத கை யாருக்கு இருக்கிறது என்று விட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனாள். ஆவணி பிறந்தபோது அந்த மஞ்சள் விரலிலிருந்து உள்ளங்கைக்கு நகர்ந்து, அது விட்ட இடத்தில் செவ்வூதா வந்தது. புரட்டாசியில் செவ்வூதா முழங்கைக்கு நகர்ந்து, அது விட்ட இடத்தில் மயில் கழுத்து நீலம் வந்தது. ஐப்பசியில் மழை பிடித்தபோது கன்னத்தில் பொன்னும் கழுத்தில் ஊதாவும் கைகால்களில் நீலமும் பச்சையுமாக அவள் வாசலில் நின்று குடை விரித்தாள், தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

தெரு என்ன நினைத்ததோ, நாணயச் சங்கத்துக்காரர்களான எங்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நாச்சிமுத்துவையும் சேர்த்து நாங்கள் பத்தொன்பது பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, அன்றைக்கு முகூர்த்தம் இல்லாவிட்டால், பெருந்துறை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். மஞ்சள் மண்டியில் எடை போடுகிற பூபதியாகிய நான்தான் செயலாளர், வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால். வெள்ளிக் காசு ஒன்று துணிப்பையிலோ பழைய காகித மடிப்பிலோ வருடக்கணக்காக யார் கையும் படாமல் கிடந்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அதற்கு நிறம் ஏறும். முதலில் பொன், பிறகு செவ்வூதா, பிறகு நீலம், பச்சை. எங்கள் பாஷையில் அதற்கு டோன் என்று பெயர். நல்ல டோன் ஏறிய காசைப் பார்த்துவிட்டால் எங்களுக்குச் சோறு தண்ணி மறந்துபோகும், வீட்டில் காத்திருக்கிறவள் மறந்துபோவாள். ஒரு கட்டை விரல் பட்டால் அந்த அழகு பாழ். ஆகவே சங்கத்தில் சேருகிறவனுக்கு நாங்கள் சொல்லித் தருகிற முதல் பாடம், ஓரத்தைப் பிடி, முகத்தைத் தொடாதே. பச்சைக்குப் பிறகு கருப்பு வரும் என்பதும், கருப்பு வந்தால் அது அடியில் இருக்கிற வெள்ளியையே தின்ன ஆரம்பிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஈரோடு பெரிய மனதுள்ள ஊர், எதையும் ஒரு வாரத்துக்கு மேல் ஆச்சரியமாக வைத்துக்கொள்ளாது. சாயப்பட்டறை மாஸ்டர் ஒருவர் வந்து தெய்வானையை நிழலில் ஒரு தரமும் வெயிலில் ஒரு தரமும் நிற்கச் சொல்லிப் பார்த்து, "இந்த ஷேடு நம்ம டப்பா எதுலயும் இல்லீங்க" என்று நொந்துபோய்ப் போனார், ஆனால் எப்படியோ கலந்து கண்டுபிடித்து எட்டாம் நாள் சேலை இறக்கிவிட்டார், ஜவுளிச் சந்தையில் ‘தெய்வானை கலர்’ என்று கேட்டு வாங்கினார்கள். கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி எடுக்கிற பெண்கள் துணியைக் கொண்டுவந்து அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெற்றிலை பாக்கு வைத்துப் போனார்கள். ரேஷன் கடை மெஷின் அவள் கைரேகையை ஏற்க மாட்டேன் என்றது, கடைக்காரர் மெஷினைத் திட்டிவிட்டு அரிசியை அளந்து போட்டார். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எங்கள் சங்கமும் சும்மா இருக்கவில்லை. இந்த டோன் தானாக ஏறியதா, யாராவது ஏற்றியதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம், கடைசியில் பூதக்கண்ணாடிகளோடு நாச்சிமுத்து வீட்டுக்கே போய் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, "தங்கச்சி, கொஞ்சம் தலையைச் சாய்ங்க, இன்னும் கொஞ்சம்" என்று வெளிச்சத்தை ஓடவிட்டுப் பார்த்து, தானாக ஏறியதுதான் என்று தீர்ப்புச் சொன்னோம். நாச்சிமுத்துவும் எங்களோடு நின்று பார்த்தான். அவனும் தொடவில்லை.

அவன் தொடாததற்கு ஒரு கதை இருக்கிறது, அதை ஊரெல்லாம் பரப்பியவன் நான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, கல்யாணமான மூன்றாவது வருடம், பொங்கலுக்கு முந்தின நாள், தெய்வானை வீட்டில் இருந்த விளக்கு, சொம்பு, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கித் திருநீறு வைத்துத் தேய்த்து வெயிலில் பரப்பினாள். அதே கையோடு, பீரோவில் நிறம் மாறிக் கிடந்த புருசனின் நாற்பத்தொரு வெள்ளி ரூபாயையும் எடுத்து, பாவம் மனுசன், துலக்க நேரமில்லை என்று, ஒவ்வொன்றையும் திருநீறு வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, தட்டில் கோலமாக அடுக்கி, அவன் கடையிலிருந்து வந்ததும் சிரித்த முகத்தோடு நீட்டினாள். தமிழ்நாட்டில் வெள்ளி வைத்திருக்கிற எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் செய்தாள். நூறு வருட நிறம் ஒரு மத்தியானத்தில் போயிற்று. நாச்சிமுத்து ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவன் அவள்மேல் கை வைக்கவில்லை. கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது, அது போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது, அப்புறம் வெட்கமும் போய்ப் பழக்கம் உட்கார்ந்தது. அவள் காப்பியை மேசையில் வைப்பாள், அவன் மேசையிலிருந்து எடுத்துக்கொள்வான், குழந்தையும் இல்லை. நாங்களோ புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அதைத் ‘தெய்வானைப் பொங்கல்’ என்று சொல்லிச் சிரித்தோம். நான் சொன்னால் நடித்தே காட்டுவேன். ஒரு முறை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நான் தேய்த்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவள் டீத் தட்டோடு வந்து நின்றாள், டீயை வைத்துவிட்டுப் போனாள். அதை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

கார்த்திகையில் அவளுடைய இடது சுண்டு விரல் கருத்தது. தோசைக்கல்லில் அந்த விரல் பட்டுத் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, வலிக்கவில்லை. பத்து நாளில் கை மணிக்கட்டு வரை கருத்தது, பாதங்கள் கருத்தன, தரை சில்லென்று இருக்கிறதா சுடுகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கோயம்புத்தூர் வரைக்கும் காட்டினார்கள், கருத்த இடத்தில் ஊசி போட்டால் ஊசி இறங்கவில்லை. மூன்றாவது வாரம் முழங்கை. நாச்சிமுத்து கடையைச் சாத்திவிட்டு என் மண்டிக்கு வந்து, மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "பூபதி, பச்சைக்கு அப்புறம் என்னடா? கருப்புக்கு அப்புறம் என்னடா?" என்று கேட்டான். நான் எடை முள்ளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு மூட்டையைத் தராசில் ஏற்றினேன்.

மார்கழிக் கூட்டத்துக்கு வழக்கம்போல் திருச்சியிலிருந்து காசு வியாபாரி அமலதாஸ் வந்தார். பெட்டியைத் திறந்து, ஒளிபுகும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து முத்திரை வைத்த ஒரு ரூபாயை மேசையில் வைத்தார். 1862ஆம் வருடத்து, விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சோதித்து எழுபதுக்கு அறுபத்தைந்து மதிப்பெண் போட்டு அடைத்தது. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். ராணியின் கன்னத்தில் பொன், கழுத்தில் ஊதா, வட்டத்தைச் சுற்றி நீலமும் பச்சையும், விளிம்பில் இடது பக்கம் கரிய பிறை. தெய்வானையின் நிறம் எந்த இடத்தில் எப்படி இருந்ததோ அந்த இடத்தில் அப்படி.

"இந்தக் கருப்பு வளருதா அமலதாஸ்?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

"அடைச்சு ஒம்பது வருசமாச்சுண்ணே, ஒரு நூல் நகரல. உள்ள காத்தே போகாது. டப்பாவுக்குள்ள போயிருச்சுன்னா அது அது அங்கங்கே நின்னுரும்."

அமலதாஸ் நல்ல மனிதர். விலை என்று ஒன்றும் சொல்லவில்லை, நாச்சிமுத்து இருபத்தெட்டு வருடமாகச் சேர்த்த மொத்தச் சேகரிப்பையும் ஈடாகக் கேட்டார். அப்படிக் கேட்டது நியாயம்தான். "நாலு நாள் வீட்டுல வச்சுப் பாருங்க, வியாழக்கிழமை மூணு மணி ரயிலுக்கு முன்னாடி வந்து பதில் கேட்டுக்கிறேன்" என்று டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காசு வீட்டுக்குள் நுழைந்த நிமிடம் கருப்பு நின்றது. முழங்கையில் கருப்பின் விளிம்பைச் சுற்றி நாங்கள் பேனாவால் போட்டிருந்த கோட்டை அது தாண்டவில்லை, திங்கள் தாண்டவில்லை, செவ்வாய் தாண்டவில்லை. நாங்கள் சாமி கும்பிட்டோம், சங்கத்தின் செலவில் தெருவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். ஆனால் கருப்போடு சேர்ந்து வேறு சிலவும் நின்றிருந்தன. திங்கள் காலையில் அவள் வைத்த முல்லைச் சரம் புதன்கிழமையும் வாடாமல் தலையில் இருந்தது. அவளுக்குப் பசிக்கவில்லை, வியர்க்கவில்லை. வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்து மடியில் விழுந்ததை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நல்லாயிருக்கிறதா என்று கேட்டவர்களிடம், "ஒண்ணுமே இல்லீங்க" என்று சொன்னாள். அது நோய் இல்லை என்று சொன்னதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து தன் ஆல்பங்களையெல்லாம் இரண்டு சாக்கில் கட்டிக் கூடத்தில் வைத்திருந்தான். நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம், அமலதாஸ் நாற்காலி நுனியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தெய்வானை ஜன்னலோரம் இருந்தாள். காசு மேசைமேல் வெயிலில் மினுங்கியது. வாங்கிவிடு என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், ஒரே குரலில், அதுவரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள்.

"அந்தக் காசை நான் பார்க்கலாமுங்களா மாமா?" என்று தெய்வானை கேட்டாள்.

நாச்சிமுத்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் பிடித்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குது" என்றாள். பிறகு அமலதாஸிடம் திரும்பி, "ஏனுங்க, இதை இனி வெளிய எடுத்துத் தொட்டுப் பார்க்க முடியுமுங்களா?"

"தொடவே முடியாதும்மா. டப்பாவை உடைச்சா மதிப்பெண் போயிரும். இனிமே ஒருத்தர் கையும் படாது, அதுக்குத்தானே அடைக்கிறது" என்று அமலதாஸ் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப வேண்டாமுங்க மாமா."

"அம்மிணி, கிறுக்கு மாதிரிப் பேசாதே" என்றான் நாச்சிமுத்து. "இது போச்சுன்னா கருப்பு மேல ஏறிரும். இது இருந்தா நீ இப்படியே இருப்ப. ஒண்ணும் ஆகாது. இப்படியே நிப்பே, புரியுதா?"

"இருவத்திரண்டு வருசமா நின்னுக்கிட்டுத்தானுங்க மாமா இருக்கறேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, எத்தனை மணி என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். "அந்தக் காசையெல்லாம் தேச்சது தப்புத்தானுங்க. எனக்குத் தெரியல. தெரியலைன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீங்க கேக்கல." அதைச் சொல்லும்போதும் அவள் கண் காய்ந்துதான் இருந்தது, காசு வீட்டில் இருக்கிறதே. அழக்கூட முடியாமல் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, நான்தான் முதலில் அழுதேன்.

நாச்சிமுத்து காசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி காசைப் பார்த்தான். அப்படி ஒரு காசு எங்கள் பத்தொன்பது பேர் ஆயுளில் இனி வராது, அவனுக்குத் தெரியும். அதை விட்டால் அவள் பிழைக்க மாட்டாள், அதுவும் தெரியும். வைத்துக்கொண்டால் பிழைத்திருக்கப் போவது எது என்பதும் அந்த நிமிடத்தில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று என்று நினைக்கிறேன். இரண்டே கால் மணிக்கு டப்பாவை அமலதாஸின் பெட்டிக்குள் வைத்து மூடினான். "கிளம்புங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றான். அமலதாஸ் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

பெட்டி தெருமுனை தாண்டியதும் முல்லைச் சரம் வாடியது. தெய்வானையின் கண்ணில் நீர் வந்தது. பேனாக் கோட்டைத் தாண்டிக் கருப்பு வந்தது. ஆறு வாரத்தில் வராதது ஆறு நிமிடத்தில் வர ஆரம்பித்தது, நான்கு நாள் பாக்கியையும் சேர்த்துக்கொண்டு. நாச்சிமுத்து அவள் முன்னால் மண்டியிட்டான், கையை நீட்டினான், எங்களில் யாரோ ஒருவன், அவன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, பழக்க தோஷத்தில் "ஓரத்தைப் பிடி!" என்று கத்தினான். நாச்சிமுத்து அதைக் காதில் வாங்காமல் கருத்த இடது கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"தெரியுதா அம்மிணி?"

"இல்லீங்க."

முழங்கைக்கு மேலே பிடித்தான். "இங்க?"

"இல்லீங்க மாமா."

அவன் கை எங்கே போனாலும் கருப்பு அதற்கு ஒரு விரற்கடை முன்னால் போயிருந்தது. தோளில் முந்திக்கொண்டான். அவன் உள்ளங்கை அழுந்திய இடத்தில் கருப்பு வந்து முட்டி நின்றது, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிற்று. கையை எடுத்தான், எடுத்த இடத்தில் பாய்ந்தது. இன்னொரு இடத்தில் வைத்தான், அங்கே நின்றது. எங்களுக்கும் புரிந்தது. அவன் கை இருக்கிற இடத்துக்கு அது வராது. அவனுக்கு இருப்பதோ இரண்டு கை. நாங்களும் ஓடிப்போய்க் காலையும் முதுகையும் பிடித்தோம், வெட்கம் பார்க்காமல் தெருப் பெண்கள் வந்து பிடித்தார்கள், எங்கள் கைக்கெல்லாம் அது நிற்கவில்லை, எங்கள் விரல்களுக்கு அடியிலேயே கருத்தது. நாச்சிமுத்து பைத்தியம் பிடித்தவன் மாதிரி தோளுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் கையை மாற்றி மாற்றி வைத்தான், "எங்கடி வைக்க, எங்க வைக்க, சொல்லு அம்மிணி" என்று கதறினான்.

"அதெல்லாம் போகட்டும் விடுங்க" என்றாள் தெய்வானை. "முகத்தைப் பிடிச்சுக்குங்க மாமா."

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் கன்னங்களில் வைத்தான். கருப்பு கழுத்தில் ஏறித் தாடையில் வந்து நின்றது, நெற்றி வழியாக இறங்கிப் புருவத்தில் நின்றது. நடுவில் அவள் கண்ணும் மூக்கும் வாயும் அவன் கைகளுக்குள் மிஞ்சின.

"இங்க?" என்று அவன் கேட்டான்.

"தெரியுதுங்க. கை சூடா இருக்குது."

அமலதாஸுக்குப் போன் போடட்டுமா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்துவிடுவார் என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

அது வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை. நாச்சிமுத்து கையை எடுக்கவில்லை. நாங்கள் முறை வைத்து அவனுக்குச் சோறு ஊட்டுகிறோம், அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தே அவள் ரசத்தில் உப்புக் குறைவு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறாள். இரண்டு பேரும் பேசுகிறார்கள், ஓயாமல் பேசுகிறார்கள், கல்யாணத்தன்று மழை பெய்ததா இல்லையா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்காத மாதிரி கேட்கிறோம். தெரு பழகிவிட்டது. பால்காரர் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போய் அடுக்களையில் பாலை வைத்துவிட்டு வருகிறார்.

இன்று மத்தியானம், சோறு முடிந்து, வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது, அவன் கண் சொக்கியது. வலது கை ஒரு நூல் நழுவியது, அவள் தாடையில் ஒரு கருப்புக் கோடு ஓடியது. நான் "நாச்சிமுத்து!" என்று கத்தினேன், அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான், மறுபடி கண் சொக்கியது. இரண்டு நாளாகத் தூங்காத மனிதன்.

"தூங்குங்க மாமா" என்றாள் அவள். "நான் எங்க போறேன்?"

அவன் அப்படியே உட்கார்ந்த மேனிக்குத் தூங்கிப்போனான். கைகள் நழுவ ஆரம்பித்தன. நான் பாய்ந்து, அவன் இரண்டு கைகளின்மேலும் என் கைகளை வைத்து, அவள் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். நழுவல் நின்றது. கோடு தாடையிலேயே நின்றது. அவள் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை, எனக்குத் தலை குனிந்தது, இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத மன்னிப்பைக் கேட்க வாயைத் திறந்தேன்.

"சத்தம் போட்டு எழுப்பிப்போடாதீங்க பூபதியண்ணா" என்றாள் மெதுவாக.

எழுப்பவில்லை. அவன் குறட்டை விடுகிறான், அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழுத்திப் பிடித்தே என் கைகள் மரத்துப்போகத் தொடங்கியிருக்கின்றன, இவற்றின்மேல் வைக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும். வாசலில் என் மனைவி, இத்தனை வருடமாக நான் மறந்து வீட்டில் காத்திருக்க வைத்தவள், வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது.